புளி (பெரியது) – ஒன்று

மே 4, திங்கள்

காலை ஏழேகாலுக்கு நகராட்சி ஆள் ஒருவர் வந்து வாசல் மரத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். பசை காய்வதற்குள் வாசித்துவிட்டேன். ஒன்பது வரியில் நான்கு பிழை. 'விரிவாக்கம்' என்பது 'விறிவாக்கம்' ஆகியிருக்கிறது. முப்பத்தோரு வருடம் கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்தவள் நான். சிவப்புப் பேனாவோடு வெளியே வந்து, அரசாங்கக் காகிதம் என்பதால் திரும்பிப் போனேன்.

செய்தி இதுதான்: ஐஸ் ஆலைத் தெருவை அகலப்படுத்தி வடிகால் கட்டப்போகிறார்கள். இடைஞ்சலான மரங்களை வெட்டுவார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம். கீழே பட்டியல். வேம்பு – மூன்று. பூவரசு – இரண்டு. புளி (பெரியது) – ஒன்று.

இந்தத் தெருவில் புளியமரமே கிடையாது. பெரிய மரம் என்று இருப்பது என் வாசலில் நிற்கும் ஒன்றுதான். அது இலவம். 1979-இல் இந்த வீடு கட்டியபோது மதில் சுவரில் பளிங்குப் பலகை பதித்து 'இலவ நிழல்' என்று பொறிக்கச் சொன்னவள் நான். நாற்பத்தேழு வருடமாகத் தபால்காரர் முதல் பங்குச்சாமியார் வரை எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பட்டியல் எழுதிய ஆளுக்கு அதை வாசிக்கக்கூடப் பொறுமை இல்லை.

மே 5, செவ்வாய்

நகராட்சிக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

"ஐயா, தங்கள் பட்டியலில் 'புளி (பெரியது)' என்று குறிக்கப்பட்டிருக்கும் மரம் புளியமரம் அன்று. அது இலவமரம். ஐந்து விரல் விரித்த கை போன்ற இலையால் இதை எந்தப் பள்ளி மாணவியும் அறிவாள். பள்ளிநாளில் இலைத்தொகுப்புக்கு முதல் பரிசு பெற்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். பெயரே தெரியாத மரத்தை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. இப்படிக்கு, திருமதி எமரன்சி மச்சாது."

நானே போய்க் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன்.

மே 8, வெள்ளி

மரத்தின் சுற்றளவு தெரிந்தால் கடிதத்துக்கு வலு என்று தோன்றியது. தையல் நாடா மரத்தின் ஒரு மடிப்பைக்கூடத் தாண்டவில்லை. ஐந்தரை மீட்டர் வாயில் சேலை இரண்டை முடிச்சுப் போட்டுச் சுற்றினேன். அப்படியும் ஒரு முழம் போதவில்லை. பதினோரு மீட்டருக்கு மேல்!

இத்தனை அருகில் நின்று நான் இதைப் பார்த்ததில்லை என்று எழுதத்தான் வேண்டும். இலை ஒன்றுகூட இல்லாத மாதம் இது. அதனால் உடம்பு முழுவதும் தெரிகிறது. பட்டை சாம்பல் நிறம். வேம்பைப் போல வெடித்துப் பிளக்கவில்லை, வழவழப்பாக இருக்கிறது. அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, படுத்து எழப்போகும் யானையின் முழங்கால் போல. அத்தனை பருமன் மேலே போனதும் திடீரென்று ஒடுங்கிச் சிறு கிளைகளாகக் கோணல்மாணலாக விரிகிறது. வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டதுபோல் இருக்கிறது. அவலட்சணம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. இந்தத் தெருவில் இதைப்போல் நிமிர்ந்து நிற்பது வேறு எதுவும் இல்லை, தேவாலயக் கோபுரத்தைத் தவிர.

மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சந்தனமாரி, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, காலங்காத்தால மரத்துக்குச் சேலை கட்டுதிய? நேத்திக்கடனா?"

"அளவு எடுக்கிறேன்."

"எதுக்கு, ரவிக்கை தைக்கவா?"

சேலைகளை அவிழ்த்து வந்தேன். மாலையில் பார்த்தால் அதே இடத்தில் யாரோ மஞ்சள் பூசி இரண்டு செவ்வந்தி வைத்திருக்கிறார்கள்.

மே 11, திங்கள்

நகராட்சிப் பொறியாளர் இசக்கிப்பாண்டி நேரில் வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன், சட்டைப் பையில் பேனா கசிந்திருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, நீங்க எழுதினது ரொம்பச் சரி. புளி இல்லதான். இலவம்னு மாத்திட்டோம்."

"நல்லது. அப்படியானால் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்றா?"

"எடுத்தாச்சும்மா. வேற பட்டியல்ல சேத்தாச்சு."

"எந்தப் பட்டியல்?"

"ஆபத்தான மரம். புளின்னா கெட்டி மரம், ஆட்சேபம் கேட்டுத்தான் தொடணும். இலவம் மெது மரம்லா, காத்துக்கு ஒடியும். அதுக்கு முப்பது நாள் கணக்கெல்லாம் கிடையாது. இருபத்தேழாம் தேதி வெட்டிருவோம். இலை வேற ஒண்ணுகூட இல்ல, பட்டுப்போச்சு போல."

"இலவம் என்று யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். பதற்றத்தில் வந்த கேள்வி.

அவர் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்கதாம்மா."

மே 12, செவ்வாய்

பட்டுப்போகவில்லை. காய்கறிக் கத்தியால் பட்டையில் நகக்கண் அளவு சுரண்டினேன். சாம்பல் தோலுக்கு அடியிலேயே பச்சை. பிஞ்சு வெள்ளரிக்காயின் பச்சை. எழுபத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு பச்சை எங்கேயும் இல்லை.

சந்தனமாரியிடம் நிலைமையைச் சொன்னேன். அவளுக்குத் திக்கென்றது. இந்த நிழல் இல்லையென்றால் அவள் வண்டிக்கு இடம் இல்லை.

"எல்லாம் என்னாலதாம்மா. பட்டியல் எழுத வந்த தம்பி மரத்தைக் காட்டிப் பேரு கேட்டான். ஆனைப்புளின்னேன். அவன் புளின்னு எழுதி, பக்கத்துல பெரியதுன்னு போட்டுக்கிட்டான். ஆனைன்னா பெருசுதானன்னு சொன்னான்."

"ஆனைப்புளி என்று ஒரு மரம் இல்லை, சந்தனமாரி."

"அய்யா அப்படித்தான சொல்லுவாவ?"

"எந்த அய்யா?"

"நம்ம வீட்டு அய்யாதான். சாயந்தரம் இங்கன உக்காந்து, காய உடச்சு பிள்ளையளுக்குக் குடுப்பாவல்லா."

தேய்த்த துணிகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு சேலையில் மடிப்பு சரியில்லை. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

மே 13, புதன்

'அய்யா' என்பது என் கணவர் கஸ்பார். ஐஸ் ஆலையில் மெக்கானிக். இறந்து நான்கு வருடம்.

1979-இல் கிரகப்பிரவேச விருந்துக்கு எங்கள் ஏஜென்சி மேலாளரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் மரத்தைப் பார்த்து வியந்து என்ன மரம் என்று கேட்டார். கஸ்பார் முந்திக்கொண்டு, "எங்க ஊர்ல இதை ஆனைப்புளிம்பாங்கம்மா" என்றார். புளிய இலை எப்படி இருக்கும் என்று என் கணவர் பார்த்ததில்லை போலும் என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன்பிறகு அவர் அந்தப் பெயரை வீட்டில் சொல்லவில்லை. "எமரன்சி, உன் இலவம் துளிர் விட்டிருக்கு" என்பார். "உன் இலவத்துல கிளி வந்திருக்கு" என்பார்.

ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

தெருப் பிள்ளைகளுக்குக் காய் உடைத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. பஞ்சு தொண்டையில் அடைக்கும் என்று நான்தான் தடுத்தேன். பிறகு நான் அலுவலகம் விட்டு வருவதற்குள் கொடுத்திருப்பார் போல.

மே 16, சனி

சனிக்கிழமை தூசி தட்டும் நாள். கஸ்பாரின் கருவி அலமாரியையும் ஒவ்வொரு சனியும் துடைக்கிறேன். அங்கே வாஷர்களும் நட்டுகளும் போட்டு வைத்த பாத்திரம் ஒன்று உண்டு. பழுப்பு நிறம், நீள்வட்டம், கெட்டி ஓடு, விளிம்பில் மட்டும் பூனை ரோமம் போல மென்மை. ஏதோ சுரைக்குடுக்கை என்று நினைத்தே நாற்பது வருடம் துடைத்திருக்கிறேன்.

இன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். வெளியே மொட்டை மரத்தில் போன வருடக் காய்கள் நீளக் காம்பில் தொங்குகின்றன. பழுப்பு. நீள்வட்டம். மென்மை.

இலவங்காய் முற்றினால் வெடித்துப் பஞ்சு பறக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. இந்தத் தெருவில் ஒருநாளாவது பஞ்சு பறந்ததா?

ஓட்டுக்குள் இருந்த வாஷர்களை ஒரு டம்ளரில் கொட்டி வைத்தேன். பெருக்கவில்லை, துடைக்கவில்லை.

மே 18, திங்கள்

தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நான் படித்த கான்வென்டின் பின்புறம் ஓர் இலவம் உண்டு. என் பரிசு ஆல்பத்தின் ஏழாம் பக்கத்து இலை அதில் பறித்ததுதான். அறுபத்தைந்து வருடம் கழித்து அதைப் பார்க்கப் போனேன், துணிப்பையில் கஸ்பாரின் ஓட்டோடு.

விடுமுறை. சிஸ்டர் ஜெசிந்தா என்ற இளம் கன்னியாஸ்திரீ வந்தார், உயிரியல் ஆசிரியை. பழைய மாணவி என்றதும் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மரத்தின் அருகே போனதும் நான் அடிமரத்தைத் தொடக் கை நீட்டினேன்.

"அம்மா, கை வச்சிராதீங்க. முள்ளு!"

முள்தான். அடிமரமெல்லாம் கூம்பு கூம்பாக முள். மரம் கம்பம் போல நேராக ஏறுகிறது. கிளைகள் தட்டுத் தட்டாக, குடைக்கம்பி போல ஒரே மட்டத்தில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழே காய்ந்த காய்கள் ஐந்தாகப் பிளந்து, பஞ்சு புல்லில் ஒட்டிக் கிடந்தது. இந்த மரத்தடியில்தான் நான் ஆறு வருடம் மதிய உணவு சாப்பிட்டேன். பார்த்தது இலையை மட்டும்.

ஓட்டை எடுத்துக் காட்டினேன்.

"அய்யோ, இது எங்கம்மா கிடைச்சுது? இது இலவம் இல்ல. ஆனைப்புளி!" சந்தோஷமாக இரண்டு கையாலும் ஓட்டை வாங்கிக்கொண்டார். "மரம் எப்படி இருக்கும், பானை மாதிரி பெருத்து, பட்டை ஆனைத்தோல் மாதிரியா? கிளை வேர் மாதிரியா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப சந்தேகமே வேண்டாம். இலையை மட்டும் பாத்தா இலவமும் இதுவும் அண்ணன் தம்பி. ஒரே குடும்பம்தான். பட்டையப் பாக்கணும், கிளையப் பாக்கணும்."

"எங்கள் காலத்தில் இலையைத்தான் ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார்கள்."

"பட்டையை எப்படிம்மா ஒட்டுறது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு, எப்படியோ, சிரித்தேன்.

நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகம் எடுத்துக் கொடுத்தார். ஆனைப்புளி. பெருக்கமரம் என்றும் பெயர். ஆப்பிரிக்காவின் மரம், பழங்காலத்தில் கடல் வணிகர்களோடு நம் கரைக்கு வந்ததாக எண்ணப்படுகிறது. அடிமரத்தில் தண்ணீர் சேர்த்து வைக்கும். கோடையில் இலை உதிர்த்து நிற்கும். பல நூறு வருடம் வாழும். காயின் உள்ளே வெள்ளைச் சதை, புளிப்புச் சுவை. நம் நாட்டில் அங்கங்கே சிலவே உள்ளன.

ஒரு வரியையும் விடாமல் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன்.

மே 19, செவ்வாய்

வெயில். எழுத ஒன்றும் இல்லை.

மே 20, புதன்

நுனிகளில் துளிர். தரையிலிருந்து எடுத்த ஒரு கொப்பில் இலைகளை எண்ணினேன். சிலதில் மூன்று விரல், சிலதில் ஐந்து, முற்றிய ஒன்றில் ஏழு. "உன் இலவம் துளிர் விட்டிருக்கு" என்று சொல்ல ஆளில்லை. சந்தனமாரியிடம் நானே சொன்னேன், துளிர்த்துவிட்டது என்று. மரத்தின் பெயரைச் சொல்லவில்லை.

மே 21, வியாழன்

சந்தனமாரி என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒரு யோசனை. அன்னைக்கு நீங்க சேலை சுத்துனதைப் பாத்து நாலு பொம்பளைய மஞ்சள் வச்சிட்டாவ. பேசாம ஒரு சிவப்புச் சேலையக் கட்டி, ஒரு வேலும் நட்டுருவோம். எந்தக் கோடாலிக்காரன் கை வைப்பான்?"

"நான் கத்தோலிக்கப் பெண், சந்தனமாரி."

"மாதாவுக்குக்கூட நீலச்சேலை இருக்குல்லா? அதைக் கட்டுவோம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். வேலை நடந்துவிடும்தான். எனக்கும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. அதுதான் உறுத்தியது. இத்தனை பெரிய உயிர் ஒரு பொய்ப்பெயரில் நாற்பத்தேழு வருடம் நின்றது போதும்.

"வேண்டாம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதிலேயே நிற்கட்டும்."

"அப்ப ஆனைப்புளிதானாம்மா?"

"திங்கட்கிழமை சொல்கிறேன்."

மே 22, வெள்ளி

பழைய தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். "எனது 5-ஆம் தேதிக் கடிதத்தில் கண்ட" என்பதுவரை அடித்து நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாளில்: "எனது 5-ஆம் தேதிக் கடிதம் தவறு." நிறுத்தற்புள்ளி வைத்த பிறகு மற்றவை தாமாக வந்தன.

மே 25, திங்கள்

நகராட்சிக் கூட்ட அறை. குறை கேட்கும் நாள். பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் எனக்கு வணக்கம் சொன்னார்கள். மாதர் சங்கச் செயலாளர், பங்குப்பேரவையின் மிக்கேல் வாஸ், எதிர்வீட்டு வக்கீல். இவர்கள் எல்லோருடைய கல்யாணப் பத்திரிகையையும் நான் பிழை திருத்தியிருக்கிறேன்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இசக்கிப்பாண்டி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, முதல்ல புளி இல்லன்னீங்க. இலவம்னு மாத்தினோம். இப்ப மறுபடியும் புளிங்கிறீங்களே?"

அறையில் சிரிப்பு. நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. இந்த முறை அது யார்மேல் விழுந்தது என்று தெரிந்தது.

எழுந்து நின்றேன். "புளி இல்லை. ஆனைப்புளி. ஒரே சொல். நடுவில் இடைவெளி கிடையாது. அடைப்புக்குறியும் கிடையாது. உங்கள் ஆள் பாதியை எழுதினார். நான் மீதிப் பாதியையும் அடித்துவிட்டேன். இரண்டும் தவறு. என் தவறு பெரியது, ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே சரியான பெயர் சொல்லப்பட்டிருந்தது."

மேசைமேல் ஓட்டை வைத்தேன். துளிர்க் கொப்பை வைத்தேன். பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரியும் என்றேன். முள் இல்லை, தட்டுத் தட்டான கிளை இல்லை, பஞ்சு இல்லை. பதினோரு மீட்டர் சுற்றளவு, ஆனால் உயரம் மூன்று மாடிகூட இல்லை. இப்படி உட்கார்ந்திருக்கும் மரத்தைக் காற்று என்ன செய்யும்? பார்த்து எழுதிய புத்தகக் குறிப்பையும் வாசித்தேன். 'பல நூறு வருடம்' என்ற இடத்தில் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

இசக்கிப்பாண்டி ஓட்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். "எங்க ஆச்சி ஊர்லயும் இப்படி ஒண்ணு உண்டும்மா. பேரு தெரியாது. உங்களுக்கு இந்தப் பேரை யாரு சொன்னது?"

"என் கணவர். 1979-இல்."

"அப்பவே சொல்லிட்டாரா?"

"சொன்னார். நான்தான் கேட்கவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. மிக்கேல் வாஸ் மட்டும் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். கஸ்பாரோடு ஆலையில் வேலை பார்த்தவர் அவர்.

அபூர்வ மரம் என்றால் தனிக்கோப்பு, வெட்டக்கூடாது, நிபுணர் வந்து பார்க்கும்வரை எல்லாம் நிறுத்தம் என்றார் இசக்கிப்பாண்டி. பிறகு தயங்கினார். "ஆனா வடிகால் எப்படியும் போயாகணும்மா. மரத்துக்கு இந்தப் பக்கம் போகாதுன்னா அந்தப் பக்கம்தான். உங்க மதிலுக்குள்ள நாலடி வரும். சுவரு போயிரும்."

"எந்தச் சுவர்?"

"முன்பக்கம். பேர்ப்பலகை இருக்குல்லா, அது."

பேனா கேட்டு வாங்கி அங்கேயே சம்மதக் கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவும் கசிந்தது.

மே 27, புதன்

இன்று வெட்ட வேண்டிய நாள். யாரும் வரவில்லை. கிளிகள் வந்தன.

ஜூன் 9, செவ்வாய்

மதிலை இடித்தார்கள். கொத்தனார் பளிங்குப் பலகையை விரிசல் விழாமல் பெயர்த்தெடுத்து, "புதுச்சுவர்ல எங்கன பதிக்கட்டும்மா?" என்று கேட்டார். பதிக்க வேண்டாம் என்றேன். சந்தனமாரி கல்லைக் குப்புறப் போட்டு வண்டிச் சக்கரத்துக்கு அடை கொடுத்துக்கொண்டாள்.

"வண்டி அசையமாட்டேங்கு. இலவம்னாலும் கெட்டியான இலவம்தாம்மா" என்றாள். அவளை வாயை அடக்கச் சொன்னேன்.

சுவர் போனபிறகு மரத்துக்கும் வாசல்படிக்கும் நடுவே இப்போது ஒன்றும் இல்லை. கஸ்பார் உட்காரும் வேர்மேடு என் நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிறது.

ஜூன் 19, வெள்ளி

நிபுணர் வந்து பார்த்தார். மூன்று தடவை சுற்றிவந்தார். முந்நூறு வருடத்துக்குக் குறையாது என்றார். பெயரைத் தகட்டில் எழுதி வைப்பார்களாம். எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் அனுப்புவதாக இசக்கிப்பாண்டி சொல்லியிருக்கிறார்.

மாலை ஆறரைக்கு ஒரு மொட்டு அவிழ்ந்தது. நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நீளக் காம்பில் தலைகீழாக, உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைப் பூ, கசங்கிய கைக்குட்டை போல இதழ், நடுவில் பவுடர் பூசும் பஞ்சு மாதிரி மகரந்தக் கொத்து. இந்தக் கிழ உடம்பிலிருந்து இப்படி ஒன்றா! வாழ்நாளெல்லாம் இந்த நேரத்தில் நான் சமையலறையில் இருந்திருக்கிறேன். அவர் இங்கே இருந்திருக்கிறார்.

ஜூன் 28, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சந்தனமாரி ஒரு காயை அம்மிக் குழவியால் உடைத்தாள். உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளைச் சதை, விதையைச் சுற்றி. தண்ணீரில் ஊறவைத்து, கருப்பட்டி சேர்த்து வடிகட்டினாள். அய்யா இப்படித்தான் குடிப்பாவ என்றாள். எதில் ஊற்ற என்று கேட்டாள். வாஷர்களை மாற்றி வைத்த டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தேன்.

புளிக்கிறது, கஸ்பார்.